சேற்றுக்குழித் திறப்பு விழா

பொன்வாயில் நாட்டில் ஒரு பொருள் எப்போது உண்டாகிறது என்பதில் யாருக்கும் குழப்பம் இருந்ததில்லை. மன்னர் அதன் குறுக்கே கட்டிய ரிப்பனை வெட்டும்போது அது உண்டாகிறது. அதற்கு முன் அது கண்ணுக்குத் தெரியலாம், கையில் தட்டுப்படலாம், தடுக்கி விழுந்தால் காலையும் உடைக்கலாம். ஆனாலும் அது கிடையாது.

வடக்கு எல்லையில் ஓர் ஆற்றுப்பாலம் கட்டி முடிந்து சில மழைக்காலங்கள் ஆகியிருந்தன. மன்னருக்கு நேரம் கிடைக்கவில்லை. மக்கள் பாலத்தின் நிழலில், இடுப்பளவு தண்ணீரில், ஆடுகளைத் தோளில் சுமந்துகொண்டு ஆற்றைக் கடந்தார்கள். தலைநகரின் புதிய மருத்துவமனை வாசலில் நோயாளிகள் பாய் விரித்துப் படுத்திருந்தார்கள். ஜன்னல் வழியாக உள்ளே பார்த்தால் கட்டில்கள் உறை பிரிக்காமல் இருப்பது தெரியும். அவற்றைப் பார்த்துக்கொண்டே படுத்திருப்பது ஆறுதலாக இருந்ததாகப் பலர் சொன்னார்கள்.

மன்னரை மக்களே தேர்ந்தெடுத்தார்கள். ஐந்தாண்டுக்கு ஒருமுறை ஊருக்கு ஊர் இரண்டு பானைகள் வைக்கப்படும். இவரே இருக்கட்டும் என்பவர்கள் வெள்ளைப் பானையிலும், வேண்டாம் என்பவர்கள் கறுப்புப் பானையிலும் ஆளுக்கொரு புளியங்கொட்டை போடுவார்கள். நீண்ட காலமாக நடந்துவரும் வழக்கம் என்பதால் யாரும் அதைப் பெரிதாக நினைக்கவில்லை.

நாட்டின் முதன்மைத் தொழில் ரிப்பன்.

ஒரு நாள் பக்கத்து நாட்டு மன்னர் விருந்துக்கு வந்தார். சாப்பிட்டுக் கை கழுவும்போது பேச்சுவாக்கில், "எங்கள் நாட்டில் குழந்தைகள் சேற்றில் விளையாடுகிறார்கள். மரம் ஏறுகிறார்கள். மழையில் நனைகிறார்கள். ஒரு வேலையும் இல்லாமல் உட்கார்ந்து எறும்பு ஊர்வதைப் பார்க்கிறார்கள். இங்கே எப்படி?" என்று கேட்டார்.

பொன்வாயில் மன்னர் திறப்பு அமைச்சர் மாணிக்கவேலரைப் பார்த்தார். அமைச்சர் தரையைப் பார்த்தார்.

"பரிசீலனையில் உள்ளது" என்றார் மன்னர்.

மறுநாள் அவை கூடியது. அமைச்சர் மாணிக்கவேலர் எழுந்து, துண்டைச் சரிசெய்துகொண்டு பேசினார்.

"அவையோரே, இந்நாட்டுக் குழந்தைகள் இதுநாள்வரை சேற்றை அறியார். மழையை அறியார். மரத்தை அறியார். இந்தக் கொடுமையை நேற்றுதான் மாமன்னர் கண்டறிந்தார். கண்டறிந்த நேரத்திலிருந்து அவர் சரியாகச் சாப்பிடவில்லை. எனவே, இயற்கை குழந்தைகளுக்கு வழங்கத் தவறிய உரிமைகளை இந்த அரசு வழங்குகிறது."

மேசைகள் தட்டப்பட்டன. எதிர்வரிசையிலிருந்து ஒரு முதிய உறுப்பினர் எழுந்தார்.

"பசங்க இப்பவும் சேத்துலதானுங்களே விளையாடுதுங்க. வர்ற வழியிலகூடப் பாத்தேன். என் வேட்டியில தெறிச்சிருக்கு பாருங்க."

அவர் வேட்டியை விரித்துக் காட்டினார். முழங்காலுக்குக் கீழே பழுப்புக் கறை இருந்தது.

"அந்தச் சேறு எந்த ஆண்டு திறந்து வைக்கப்பட்டது?" என்று கேட்டார் அமைச்சர்.

"திறக்கலைங்களே. அது பாட்டுக்குக் கெடக்குது."

"எந்த மன்னரும் திறக்கவில்லை?"

"இல்லைங்க."

"அப்படியானால் உறுப்பினரின் வேட்டியில் இருப்பது என்ன?"

முதியவர் வேட்டியைச் சிறிது நேரம் பார்த்தார். அவையும் பார்த்தது. "ஒண்ணும் இல்லைங்க" என்று சொல்லி உட்கார்ந்துவிட்டார். சட்டம் ஒருமனதாக நிறைவேறியது.

ஒரு சிக்கல் மட்டும் இருந்தது. திறந்து கிடக்கும் ஒன்றைத் திறந்து வைக்க முடியாது. மூடியிருந்தால்தான் திறக்க முடியும். சட்ட வல்லுநர்கள் கூடிப் பேசி அன்று மாலையே வழி கண்டுபிடித்தார்கள். நாட்டில் உள்ள சேறு, குட்டை, மணல்மேடு, ஏறத்தக்க மரம் ஆகிய அனைத்தும் உடனடியாக மூடப்படுகின்றன. குழந்தைகள் நெருங்கக் கூடாது. திறப்பு விழா வரைக்கும்தான். ஒரு வாரம், மிஞ்சினால் பத்து நாள்.

ரிப்பன் ஆலைகளில் அன்று இரவும் விளக்கு எரிந்தது.

*

அடிகுழாய்த் தெருவின் முனையில், அடிகுழாய்க்குப் பக்கத்தில் ஒரு குழி இருந்தது. யாரும் வெட்டியதல்ல. குடம் வழிந்த தண்ணீர் ஓடி ஓடித் தானாக உண்டானது. காலையில் பெண்கள் தண்ணீர் அடிக்கும்போது நிறையும், மாலைக்குள் பாதியாகும். அதில் தலைப்பிரட்டைகள் இருந்தன. அவற்றை நாள்தோறும் வந்து பார்ப்பவள் கனியமுது. ஏழு வயது. அவளுடைய அம்மா காத்தாயி ரிப்பன் ஆலையில் ஓரம் அடிப்பவள்.

கனிக்கு ஒரு விஷயம் தெரிய வேண்டியிருந்தது. தலைப்பிரட்டைக்குக் கால் முளைத்த பிறகு வால் எங்கே போகிறது?

"உதிர்ந்துடும்டி. பல்லி வால் மாதிரி" என்றாள் காத்தாயி.

"உதிர்ந்தா கீழ கெடக்கணும்ல. போன வருசம் தேடிப் பாத்தேன். ஒண்ணுகூட இல்ல."

"மீன் தின்னிருக்கும்."

"குழியில ஏதும்மா மீனு?"

போன வருடம் வால் சுருங்கத் தொடங்கிய சமயத்தில் கனிக்குக் காய்ச்சல் வந்துவிட்டது. எழுந்து போய்ப் பார்த்தபோது குழி காலியாக இருந்தது. இந்த வருடம் விடுவதாக இல்லை. தினமும் பள்ளிக்கூடம் போகும் முன் குழிக்கரையில் குந்தி, தண்ணீருக்குள் உள்ளங்கையை மெதுவாக இறக்கி அசையாமல் வைத்திருப்பாள். கொஞ்ச நேரத்தில் அவை கையின் மேல் வந்து மொய்க்கும். அப்போது கால் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்வாள்.

சட்டம் வந்த மறுநாள் காவலர் ஏகாம்பரம் நான்கு குச்சிகளும் ஒரு சுருள் சிவப்பு ரிப்பனும் கொண்டுவந்து குழியைச் சுற்றிக் கட்டினார். பெரிய வயிறும் மெதுவான பேச்சும் உள்ள மனிதர். அதே தெருவில் குடியிருப்பவர்.

"மாமா, இது எதுக்கு?"

"உனக்கு உரிமை குடுக்கப் போறாங்க பாப்பா. சேத்துல விளையாடுற உரிமை."

"நான் விளையாடல மாமா. பாக்குறேன். அதுக்கு இன்னும் கால் வரல."

"யாருக்கு?"

"தலைப்பிரட்டைக்கு. பின்னங்கால்தான் மொதல்ல வரும். நீங்களாச்சும் பாத்துச் சொல்லுங்க."

ஏகாம்பரம் குனிந்து குழியைப் பார்த்தார். நிமிர்ந்து தெருவைப் பார்த்தார். "அது என் டூட்டியில வராதே பாப்பா" என்றார்.

காத்தாயி அந்த ரிப்பனைத் தொட்டுப் பார்த்தாள். ஓரத்தில் தையல் ஒரே நேராக ஓடியிருந்தது. அவள் அடித்ததாகவே இருக்கலாம். "அந்தப் பக்கமே போகாத" என்று மகளிடம் சொன்னாள். "நாம அடிச்ச ரிப்பன நாமளே அறுத்தோம்னு வச்சுக்க, மேஸ்திரி என்னை வாசலோட அனுப்பிடுவாரு. அப்புறம் சோத்துக்கு எங்க போறது?"

*

பத்து நாளில் விழா நடக்கவில்லை. மன்னருக்குத் தொண்டை கட்டியிருந்தது.

ஆனால் நிர்வாகம் சும்மா இருக்கவில்லை. வட்டத் திறப்பு அதிகாரி குஞ்சிதபாதம் தெருவைப் பார்வையிட வந்தார். மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு அடிகுழாயை நீண்ட நேரம் கவனித்தார்.

"இந்தக் குழாயிலிருந்து தண்ணீர் வழிகிறது."

"ஆமாங்கய்யா" என்றார் ஏகாம்பரம்.

"வழிந்து குழிக்குள் போகிறது. ஆக, நாள்தோறும் காலையில் இங்கே புதுச் சேறு உற்பத்தியாகிறது. திறக்கப்படாத சேற்றை உற்பத்தி செய்வது என்ன குற்றம் தெரியுமா?"

"என்ன குற்றமுங்கய்யா?"

"புதிய குற்றம். இன்னும் பெயர் வைக்கவில்லை."

அடிகுழாயின் கைப்பிடிக்குச் சங்கிலி போட்டுப் பூட்டினார்கள். தெருப் பெண்கள் குடத்தைத் தூக்கிக்கொண்டு மேட்டுத் தெருவுக்கு நடந்தார்கள். திட்டினார்கள். யாரைத் திட்டுவது என்று முடிவு செய்ய முடியாததால் குழாயைத் திட்டினார்கள். "புள்ளைங்களுக்கு நல்லது பண்றாங்கன்னா நாம கொஞ்சம் நடந்தா என்ன?" என்று ஒருத்தி கேட்டதற்கு, "நீ எனக்கும் ஒரு குடம் சேத்துத் தூக்கு, அப்பச் சொல்றேன்" என்றாள் இன்னொருத்தி.

அதற்குள் பள்ளிக்கூடங்களுக்கு ஓர் ஆணை வந்தது. சேற்றை அறியாத குழந்தைகளிடம் திடீரென்று சேற்றைக் கொடுத்தால் ஆபத்து. எனவே முன்பயிற்சி. 'சேறு: முதல் பருவம்' என்ற பாடநூல் வழவழப்பான தாளில் அச்சாகி வந்தது. அட்டையில் மன்னரின் படம். உள்ளே சேற்றின் படம், கருப்பு வெள்ளையில். பயிற்சியின்போது குழந்தைகள் வெள்ளை உறை மாட்டிய கைகளை மேசைமேல் வைத்துக்கொண்டு, 'சேறு குளிர்ச்சியானது, சேறு மென்மையானது' என்று சேர்ந்து சொல்ல வேண்டும். எறும்பைச் சும்மா பார்ப்பதற்கு வாரம் ஒரு பாடவேளை ஒதுக்கப்பட்டது. அந்த நேரத்தில் எறும்பு பற்றிய குறிப்பைப் பார்த்து எழுத வேண்டும். தேர்ச்சி பெறுபவர்களுக்கு மட்டுமே உரிமை கிடைக்கும் என்று தெரிந்ததும் பெற்றோர்கள் கலங்கினார்கள். தெருவுக்கு ஒரு சேற்றுத் தனிப்பயிற்சி நிலையம் முளைத்தது. பிள்ளைகள் இருட்டிய பிறகு வீடு திரும்பினார்கள்.

தேர்வில் 'மண்ணின் மணம் எப்படி இருக்கும்?' என்று கேட்டிருந்தார்கள். 'இனிமையாக இருக்கும்' என்பது விடை. கனி, 'எந்த மண்ணு?' என்று எழுதிவிட்டு, பதில் வரும் என்று காத்திருந்தாள். அவள் தேறவில்லை.

"வேற எதுக்குமே பதில் எழுதலியாடி?" என்று கேட்டாள் காத்தாயி.

"அது சொல்லாம அடுத்ததுக்கு எப்படிம்மா போறது?"

குழி வற்றிக்கொண்டிருந்தது. ரிப்பனுக்கு வெளியே நின்று கனி எட்டிப் பார்ப்பாள். தண்ணீர் நடுவில் ஒரு தட்டளவுக்குச் சுருங்கி, அதற்குள் எல்லாம் நெருக்கியடித்துக் கிடந்தன. சிலவற்றுக்குப் பின்னங்கால் வந்திருந்தது. அவள் சாப்பிடாமல் எழுந்துபோகும் நாட்கள் கூடின. கேட்டால் பசிக்கவில்லை என்பாள்.

ஒரு நாள் காலை காத்தாயி அரிசி களைந்த தண்ணீரை வாசலில் வீசி ஊற்றினாள். வழக்கமாகக் கிழக்கே ஊற்றுபவள் அன்று மேற்கே ஊற்றினாள். தெரு அந்தப் பக்கம் சரிவு. தண்ணீர் புழுதியில் ஒரு கோடு இழுத்துக்கொண்டு போய், ரிப்பனுக்கு அடியில் நுழைந்து, குழியில் விழுந்தது.

ஏகாம்பரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். காத்தாயி சட்டியோடு நின்றாள். தெருவில் அவர்கள் இருவர் மட்டுமே இருந்தார்கள்.

"தண்ணிக்கு ரிப்பன் கட்டியிருக்கறது தெரியாதும்மா" என்றார் ஏகாம்பரம் கடைசியில். "நான் என்ன பண்ண?"

அன்றிலிருந்து பக்கத்து வீடுகளின் தண்ணீரும் மேற்கே போகத் தொடங்கியது. யாரும் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. கனி மட்டும் வீடு வீடாகப் போய், "சோப்புத் தண்ணி வேணாங்க்கா, செத்துப்போயிடும்" என்று மெல்லிய குரலில் சொல்லிவிட்டு வந்தாள்.

*

விழா அதன் பிறகும் தள்ளிப்போனது. தங்கக் கத்தரிக்கோல் செய்யக் கொடுத்திருந்தார்கள்; அது வந்தது, மன்னரின் விரல் அதற்குள் நுழையவில்லை, திருத்தத் திருப்பி அனுப்பினார்கள். மழைக்காலம் தொடங்கியது. மழையும் திறக்கப்படாத உரிமைகளில் ஒன்று என்பதால், மேகம் கறுத்ததும் பிள்ளைகளை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்த வேண்டும் என்று தண்டோரா போட்டார்கள். நனைந்த தலையோடு பிடிபட்ட ஒரு பையனின் அப்பா, வியர்வை என்று எழுதிக் கொடுத்து மீட்டு வந்தார்.

ஒருவழியாக நாள் குறித்தார்கள். அடிகுழாய்த் தெருவுக்கு ஒரு பெருமை கிடைத்தது. அரண்மனைச் சாலையிலிருந்து தேர் திரும்ப வசதியாக இருந்ததால், நாட்டின் முதல் சேற்றுக்குழியாக மன்னர் அந்தக் குழியையே திறந்து வைப்பார் என்று அறிவித்தார்கள்.

குஞ்சிதபாதம் ஒப்பந்தக்காரரோடு வந்து இடத்தை அளந்தார்.

"மேடை இங்கே வர வேண்டும்" என்று குழியைக் காட்டினார்.

"அங்க குழி இருக்குங்களே" என்றார் ஏகாம்பரம்.

"அதனால்தான் நிரப்பச் சொல்கிறேன். மாமன்னர் பள்ளத்தில் நிற்பாரா?"

"அப்ப எதைங்கய்யா திறக்கறது?"

குஞ்சிதபாதம் அவரை இரக்கத்தோடு பார்த்தார். "மேடைக்கு முன்னால் புதிதாக ஒரு குழி வெட்டுவோம். நாலு பக்கமும் ஓடு பதித்து, வடிகட்டிய சேறு நிரப்பி. பழைய குழியின் நினைவாக."

இதைக் கேட்டுக்கொண்டிருந்த கனி வீட்டுக்கு ஓடிவந்தாள். அவள் அழுவது வழக்கமில்லை. அன்றும் சத்தமாக அழவில்லை. அம்மாவின் சேலையைப் பிடித்துக்கொண்டு, "முன்னங்கால் வந்துடுச்சும்மா. ஒண்ணு ரெண்டு நாள்தான். வால் சுருங்க ஆரம்பிச்சிடுச்சும்மா" என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னாள். காத்தாயி சட்டியை எடுத்துக்கொண்டு தெருமுனைக்குப் போனாள். அள்ளி வந்துவிடலாம் என்ற நினைப்பு. அதற்குள் இடத்தைச் சுற்றி ஆளுயரத் தட்டி கட்டிவிட்டார்கள். வெளியூர்க் காவலர்கள் நின்றார்கள். வெறும் சட்டியோடு திரும்பி வந்தாள்.

மண் வண்டிகள் வந்தன. தட்டிக்குப் பின்னால் போய், சற்று நேரம் நின்று, வெளியே வந்தன. போனபோது இருந்த அதே பாரத்தோடு வெளியே வருவதைப் போல ஏகாம்பரத்துக்குத் தோன்றியது. வண்டிகள் குஞ்சிதபாதத்தின் தென்னந்தோப்பு இருக்கும் திசையில் திரும்பின. ஏகாம்பரம் அதைக் கவனித்தாலும், கவனித்ததைச் சொல்லும் வேலை அவருக்குத் தரப்படவில்லை.

*

விழா நாள். இரவெல்லாம் பெய்து விட்டிருந்தது. ரிப்பன் ஆலைக்கு விடுமுறை. கைதட்ட வராதவர்களுக்குக் கூலி கிடையாது. காத்தாயி கனியின் கையைப் பிடித்துக்கொண்டு கூட்டத்தின் முன்வரிசையில் நின்றாள். பக்கத்தில் மேஸ்திரி. மேடை பலகையால் ஆனது. மேலே சிவப்புக் கம்பளம், மூன்று பக்கமும் தொங்கும் திரை. அதன் முன்னால் ஓடு பதித்த புதுக்குழி, சுற்றிலும் அகல ரிப்பன். தேர்ச்சி பெற்ற குழந்தைகள் வெள்ளைச் சீருடையில், வெள்ளைக் கையுறையோடு வரிசையில் நின்றார்கள்.

மன்னர் பேசத் தொடங்கினார். சேறு என்பது என்ன, அது தம் ஆட்சிக்கு முன் எங்கே இருந்தது என்றெல்லாம் விளக்கிக்கொண்டு போனார்.

முதல் குட்டித் தவளை பலகை இடுக்கிலிருந்து வந்து கம்பளத்தில் உட்கார்ந்தது. கட்டைவிரல் நகத்தைவிடச் சிறியது. கனி மட்டும் பார்த்தாள். அடுத்தது மன்னரின் காலணி மேல் ஏறியது. பிறகு திரைக்கு அடியிலிருந்து ஏழெட்டாக வரத் தொடங்கின.

மன்னர் பேச்சை நிறுத்திக் காலைப் பார்த்தார். "இது என்ன?"

அமைச்சர் மாணிக்கவேலர் குஞ்சிதபாதத்தைப் பார்த்தார். குஞ்சிதபாதம் ஓடிவந்து குனிந்து பார்த்து, வெளிறிப்போனார். ஒப்பந்தக்காரர் குழிமேல் பலகையை மட்டும் போட்டுவிட்டுக் கணக்கை முடித்திருந்தார். அது அதிகாரிக்குத் தெரியாதது அல்ல. கூடுதலாக மழையும் பெய்திருந்தது.

"மாமன்னா, இங்கே குழி கிடையாது. நிரப்பியாகிவிட்டது. ரசீது இருக்கிறது."

"அப்படியானால் தவளை எங்கிருந்து வருகிறது?"

குஞ்சிதபாதம் யோசித்தார். "தவளையும் கிடையாது, மாமன்னா."

மன்னர் திருப்தியடைந்து பேச்சைத் தொடர்ந்தார். காலை மட்டும் அசைக்கவில்லை.

"அம்மா" என்றாள் கனி. "வால் இன்னும் கொஞ்சம் இருக்கு. பாரேன். அம்மா."

காத்தாயி மேஸ்திரியைப் பார்த்தாள். மேஸ்திரி கைதட்டிக்கொண்டிருந்தார். காத்தாயி கனியின் கையை விட்டாள்.

கனி கூட்டத்தைத் தடுத்த கயிற்றைத் தாண்டி, குனிந்து, ரிப்பனுக்கு அடியில் நுழைந்து, ஓடு பதித்த குழியைச் சுற்றிக்கொண்டு, மேடைத் திரையைத் தூக்கி உள்ளே போனாள். ரிப்பனுக்குக் காவல் ஏகாம்பரம்தான். மன்னர் பேசும்போது காவலர்கள் மன்னரின் முகத்தை மட்டுமே பார்க்க வேண்டும் என்பது விதி. ஏகாம்பரம் விதியைக் கடைப்பிடித்தார்.

வெள்ளைச் சீருடைக் குழந்தைகளில் கடைசியில் நின்ற ஒருத்தி திரையின் அசைவைப் பார்த்தாள். உறையைக் கழற்றிப் பக்கத்தில் நின்றவன் கையில் கொடுத்துவிட்டுக் குனிந்தாள். அவன் இரண்டு ஜோடி உறைகளையும் கீழே போட்டான். மன்னர் 'வருங்காலத் தலைமுறை' என்று சொல்லி முடிப்பதற்குள் வரிசை காலியாகிவிட்டது. தரையில் வெள்ளை உறைகள் மட்டும் கிடந்தன.

மேடைக்கு அடியிலிருந்து முதலில் 'ச்சளக்' என்று ஒரு சத்தம் வந்தது. பிறகு சிரிப்பு. "டேய், மிதிச்சிடாத, மிதிச்சிடாத." "ஏ, இது என் கையில ஒண்ணுக்குப் போயிடுச்சு." பிறகு எல்லாச் சிரிப்பும் சேர்ந்து பலகை வழியாக மேலே வந்தது.

"யார் சிரிப்பது?" என்றார் மன்னர்.

அமைச்சர் மாணிக்கவேலரின் காதிலும் அது விழுந்துகொண்டிருந்தது. அவர் சட்டம் தெரிந்தவர். "யாரும் இல்லை, மாமன்னா. இன்னும் திறக்கவில்லையே."

மன்னர் தலையசைத்து, இறங்கிவந்து, தங்கக் கத்தரிக்கோலால் ரிப்பனை வெட்டினார். மேளம் கொட்டியது. கூட்டம் கைதட்டியது. ஓடு பதித்த குழியில் வடிகட்டிய சேறு கண்ணாடி போலப் பளபளத்தது.

"குழந்தைகளே, வாருங்கள்" என்றார் மன்னர்.

யாரும் வரவில்லை. மன்னர் சற்று நேரம் கையை நீட்டிக்கொண்டு நின்றார். பிறகு தேர் புறப்பட்டது.

*

மறுநாள் அரசிதழில் செய்தி வந்தது. மாமன்னர் நேரில் வந்து அழைத்தும் ஒரு குழந்தைகூடச் சேற்றில் இறங்க முன்வரவில்லை. எனவே இந்நாட்டுக் குழந்தைகளுக்கு இயற்கை உரிமைகளில் நாட்டமில்லை என்று முடிவு செய்யப்படுகிறது. உரிமைகள் திரும்பப் பெறப்படுகின்றன. புதுக்குழிமேல் பலகை போட்டு அமைச்சர்களின் குதிரைகள் நிறுத்தப்படும்.

பழைய குழியை என்ன செய்வது என்பதில் மட்டும் குஞ்சிதபாதத்தால் எதுவும் செய்ய முடியவில்லை. நிரப்பியாகிவிட்டதாக ரசீது இருந்தது. நிரப்பிய குழியை மறுபடி நிரப்ப நிதி கேட்டால் முதல் மண் எங்கே போனது என்ற கேள்வி வரும். ஆகவே அங்கே குழி இல்லை. இல்லாத குழிக்குக் காவல் தேவையில்லை. ஏகாம்பரம் வேறு தெருவுக்கு மாற்றப்பட்டார். போகும் முன் அடிகுழாய்ச் சங்கிலியின் சாவியை எங்கேயோ தொலைத்துவிட்டார். அதனால் பூட்டை உடைத்துக் கொடுத்துவிட்டுப் போனார்.

மேடையைப் பிரித்துக் கொண்டுபோயிருந்தார்கள். கனி மாலை முழுக்கக் குழிக்கரையில் இருந்தாள். இருட்டும் முன் உள்ளங்கையைக் குவித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். முழங்கை வரை சேறு காய்ந்திருந்தது. கைக்குள் ஒரு குட்டித் தவளை. அதன் பின்னால் ஓர் அரிசி முனை அளவு வால் மிச்சமிருந்தது.

"உதிரலைம்மா. உள்ளதான் போகுது. அதையே அது தின்னுக்குது போல. இதுங்க ரெண்டு நாளா எதுவும் திங்கவே இல்ல, பாத்துட்டேன்."

"சரி, கொண்டுபோய் விடு. அம்மா தேடும்" என்றாள் காத்தாயி.

"இதுக்கெல்லாம் அம்மா வராதும்மா" என்று சொல்லிவிட்டுக் கனி போனாள்.

அமைச்சர் மாணிக்கவேலர் அந்த வாரம் முழுவதும் ஓயவில்லை. திறந்து வைக்கப்படாமலே மக்கள் பயன்படுத்திவரும் வேறு பொருட்கள் உண்டா என்று ஆராயும்படி மன்னர் பணித்திருந்தார். பழைய ஆவணங்கள் அனைத்தையும் புரட்டியதில் ஓர் அதிர்ச்சியான உண்மை வெளிப்பட்டது. மன்னரைத் தேர்ந்தெடுக்கும் இரண்டு பானைகளை இதுவரை எந்த மன்னரும் திறந்து வைக்கவில்லை. தங்கள் மன்னரைத் தாங்களே தேர்ந்தெடுக்கும் உரிமை இல்லாமல் மக்கள் இத்தனை காலம் வாழ்ந்திருக்கிறார்கள். மன்னர் மீண்டும் சாப்பிடாமல் இருந்தார். பிறகு, அந்த உரிமையை மக்களுக்கு வழங்க முடிவு செய்தார். அதுவரை பானைகள் மூடப்படுகின்றன. திறப்பு விழா நாள் பின்னர் அறிவிக்கப்படும். ஒரு வாரம், மிஞ்சினால் பத்து நாள்.

அடுத்த தேர்தல் அந்த மாதம் வரவிருந்தது.

செய்தி கேட்டுத் தெருவில் வெடி வெடித்தார்கள். "நமக்கும் உரிமை குடுக்கறாராமே" என்று மேட்டுத் தெருக்காரர் மிட்டாய் கொடுத்துக்கொண்டு போனார்.

ரிப்பன் ஆலைக்குப் பெரிய வேலை வந்திருந்தது. ஊருக்கு இரண்டு பானை. பானைக்கு ஒரு ரிப்பன். ஆட்கள் போதாமல் வீட்டுக்கும் கட்டு கட்டாகக் கொடுத்தனுப்பினார்கள். காத்தாயி வாசல் வெளிச்சத்தில் உட்கார்ந்து ஓரம் அடித்துக்கொண்டிருந்தாள். பாதியில் ஊசியை நிறுத்தினாள்.

"ஏண்டி கனி."

"ம்."

"அன்னிக்கு மன்னரு எதிர்லயே ரிப்பனுக்கு அந்தாண்ட போனியே. உனக்குப் பயமாவே இல்லியா?"

கனி அம்மாவின் மடியில் கிடந்த சிவப்புச் சுருளை ஒரு கணம் பார்த்தாள்.

"அது நீ தெச்ச துணிதானேம்மா" என்றாள்.